பலூன் துப்பாக்கியில் வைத்த சிவப்புப் புள்ளி

பலூன் சுடுகிற கடை வைத்திருப்பவர்களுக்குப் பலூனை ஊதவும் தெரிய வேண்டும், அது சீக்கிரம் உடையாமல் பார்த்துக்கொள்ளவும் தெரிய வேண்டும். திருவிழாவுக்குத் திருவிழா பலகையைத் தூக்கிக்கொண்டு அலைகிற உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறேன். உங்களுக்கு நடந்ததுதான் எனக்கும் நடந்திருக்கும். நான் படித்தது அஞ்சாவது வரைக்கும். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் திறக்க வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

ஒதுங்கி நிற்கிற முள்

எங்களுக்கு ஊர் கூனிமேடு. வீட்டுக்காரர் சவூதியிலிருந்து திரும்பி வந்து போட்ட கடை இது. மாதா கோயில் தேர், தர்கா சந்தனக்கூடு, மரக்காணம் கடற்கரை, எங்கே கூட்டமோ அங்கே ஒரு பலகை, வரிசையாகப் பலூன், ரெண்டு ஏர்கன். பலூன் ஊதிக் கட்டுவது நான். கைப்பிள்ளை என் மடியில் கிடக்கும்.

ஏர்கன் முனையில் ஒரு முள் இருக்கும், பின்னால் ஒரு பள்ளம் இருக்கும். பள்ளத்துக்கு நடுவில் முள்ளைக் கொண்டுவந்து, அந்த முள்ளின் தலைக்கு நேராகப் பலூன் தெரியும்படி பிடித்துச் சுட வேண்டும். எங்கள் வீட்டுக்காரர் அந்த முள்ளைக் குறடால் ஒரு நூல் அளவு வலது பக்கம் வளைத்து வைப்பார். குண்டு இடது பக்கம் போய்விடும். நீங்களும் செய்திருப்பீர்கள், எனக்குத் தெரியும். பத்துக்குப் பத்து உடைத்தால் ஒரு டம்ளர் என்று எழுதி வைத்திருந்தோம். எவர்சில்வராக இருந்ததால் அது அத்தனை நாளும் துருப்பிடிக்காமல் இருந்தது. உப்பளத்தில் வேலை செய்கிற ஒரு அக்கா பத்துக் குண்டையும் சுட்டாள். ஒன்றும் உடையவில்லை. முனையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் துப்பாக்கியை என் கையில் கொடுத்தாள்.

"துப்பாக்கி நல்லாத்தாம்மா இருக்குது. முள்ளுதான் யாருக்கோ பயந்து ஒதுங்கி நிக்குது."

தேர்த் திருவிழாவில்

சுனாமிக்கு அப்புறம் பல மாதம் எங்கள் பக்கத்தில் சிரிக்கவே ஆளில்லை, பலூனை யார் சுடுவார்கள். மறுபடி கடை போட்டது ஒரு மாதா கோயில் தேருக்கு.

யாராவது துப்பாக்கி சரியில்லை என்று சண்டைக்கு வந்தால், வீட்டுக்காரர் அதை வாங்கி, வளைவுக்குத் தகுந்தபடி தள்ளிப் பிடித்து, மூன்று பலூனைப் படபடவென்று உடைத்துக் காட்டுவார். வந்தவன் பேசாமல் போய்விடுவான். அன்றைக்கு மூன்றும் தவறியது. இன்னும் மூன்று சுட்டார், அதுவும் தவறியது. கண்ணைக் கசக்கிக்கொண்டு, "கடல் காத்து இழுக்குது" என்றார். பலூன்கள் ஆடாமல் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தன. நான் பிள்ளையின் தலையைத் தடவுகிற மாதிரி குனிந்துகொண்டேன். சண்டைக்கு வந்த ஆள் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"ஏன் பாய், நீங்களும் காசு குடுத்துட்டே சுடுங்களேன்."

துபாய் சாமான்

என் அண்ணன் துபாயிலிருந்து வந்தபோது ஒரு சின்னக் குழாய் கொண்டுவந்தார். பேட்டரி போட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் உள்ளே ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். முள்ளையும் பள்ளத்தையும் தேட வேண்டாம், புள்ளியைப் பலூன் மேல் வைத்துச் சுட்டால் போதும். வீட்டுக்காரருக்கு வந்த சந்தோசம் கொஞ்சநஞ்சமல்ல. "லைட்டு வெச்ச துப்பாக்கின்னா கூட்டம் அள்ளும் நூரு. இதுல தில்லுமுல்லு வேணாம்" என்று சொல்லி, வளைத்த முள்ளை அவரே குறடால் நிமிர்த்தினார். சைக்கிள் கடையில் ஒரு கிளாம்ப் அடித்துக் குழாயைத் துப்பாக்கி மேல் மாட்டினார்.

அப்புறம் புள்ளியை முள்ளோடு சேர்க்கிற வேலை. துப்பாக்கியை உப்பு மூட்டை மேல் அசையாமல் வைத்துவிட்டு, குழாயில் இருக்கிற ரெண்டு திருகையும் திருகித் திருகி, புள்ளி சரியாக முள்ளின் தலையில் வந்து உட்காரும்படி செய்ய வேண்டும். சாயங்காலம் அசர் தொழுகைக்கு முன்னால் உட்கார்ந்தவர் பொழுது சாய்ந்து மக்ரிப் தொழுகை வரைக்கும் எழுந்திருக்கவில்லை. கடைசியில், "புள்ளியா இது? ஒடஞ்ச மாதுளம்பழம் மாதிரி செதறிக் கிடக்குது. டூப்ளிகேட் சாமானைத் தலையில கட்டிட்டானுங்க. நீ பாரு" என்றார்.

நான் பார்த்தேன். புள்ளி மருதாணிப் பொட்டு மாதிரி உருண்டையாக இருந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தேர்த் திருவிழாவில் அந்த ஆள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருந்தது. "ஆமாங்க, செதறித்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டேன். அப்போதுதான் அவருக்கு மூச்சே வந்தது.

"பாத்தியா, எனக்கு மட்டும் இல்ல."

மிலிட்டரிக்காரர்

செதறின புள்ளியானாலும் பரவாயில்லை, நடுவைப் பார்த்து நீயே சேர்த்துவிடு என்றார். நான் பார்த்துப் பார்த்துச் சொல்ல, அவர் திருகினார். புள்ளி முள்ளின் தலையில் அச்சாக வந்து உட்கார்ந்தது. கூட்டமும் வந்தது. ஆனால் யார் சுட்டாலும் குண்டு இடது பக்கம்தான் போனது. நாலு மாதம் ஊர் ஊராகத் திட்டு வாங்கினோம். வீட்டுக்காரர் குழாயையும் துபாயையும் என் அண்ணனையும் மாற்றி மாற்றித் திட்டினார்.

உப்பளத்து வாட்ச்மேன் ஒருவர், முன்னாடி மிலிட்டரியில் இருந்தவர், சுட்டுப் பார்த்துவிட்டுத் துப்பாக்கியை முன்பக்கமாகத் திருப்பிப் பார்த்தார். "ஏன் பாய், முள்ளே சாஞ்சி நிக்குது. கோணல் முள்ளைப் பாத்து வெச்ச புள்ளி எப்படி நேராப் போவும்?" என்று கேட்டார். "நாந்தானே நிமித்தினேன், நேராத்தான் இருக்குது" என்று வீட்டுக்காரர் அடித்துப் பேசினார். வாட்ச்மேன் சண்டை போடவில்லை. வீட்டுக்காரர் விரலைப் பிடித்து முள்ளின் மேல் வைத்தார். நூல் அளவு கணக்குப் பார்த்து வளைக்கிற கை அது. தடவியதும் தெரிந்துவிட்டது. வீட்டுக்காரர் விரலை எடுக்கவேயில்லை. வாட்ச்மேன் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"துப்பாக்கி கெடக்கட்டும். மொதல்ல போய்க் கண்ணைக் காட்டுங்க."

கடைசி வரி

பாண்டிச்சேரியில் ஒரு கண் ஆஸ்பத்திரி. சர்க்கரையாம், வலது கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறதாம். இனி இடது கண்ணைக் காப்பாற்றத்தான் வழி, வலது கண்ணுக்கு மூணு நாலு மாசம் முன்னாடி வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். "அப்பவே தெரிஞ்சுது சார்" என்றார் வீட்டுக்காரர். "லைட்டு செதறித் தெரிஞ்சுது. ஆனா இவளுக்கும் அப்படித்தான் தெரிஞ்சுது. சாமான்தான் சரியில்லன்னு விட்டுட்டேன்." டாக்டர் என்னைப் பார்த்தார். "அப்போ உங்க கண்ணையும் பாத்துடலாம்மா."

நர்ஸம்மா என்னை நாற்காலியில் உட்காரவைத்துச் சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். படிக்கத் தெரியாதவள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற வெட்கத்தில் நான் மளமளவென்று படித்தேன். பெரிய எழுத்து, அடுத்த வரி, அதற்கும் அடுத்த வரி, எறும்பு மாதிரி இருந்த கடைசி வரி வரைக்கும் ஒரு எழுத்து விடவில்லை. "சூப்பரா இருக்குதும்மா உங்க கண்ணு" என்றார் நர்ஸம்மா. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டுக்காரர் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் அவர் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தார். ஆரோவில் ரோடு தாண்டியது. கூனிமேடு வருவதற்குக் கொஞ்சம் முன்னால், ஜன்னல் பக்கம் திரும்பியபடியே கேட்டார். "அன்னைக்குப் புள்ளி எப்படி இருந்துச்சு?"

"உருண்டையாத்தாங்க இருந்துச்சு."

பிள்ளையை என் மடிக்கு மாற்றிவிட்டு, இறங்குவதற்காகக் கம்பியைக் கையால் தேடினார்.

"உருண்டைன்னே சொல்லியிருக்கலாமே நூரு. நான் என்ன, அடிச்சா இருப்பேன்?"

இத்தனை திருவிழா சுற்றி நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: வீட்டுக்காரர் மனசு நோகக் கூடாது என்று நினைக்கிற பெண்கள், அவர் நம்மைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போகாமலாவது பார்த்துக்கொள்ள வேண்டும்.