சீரோடு வந்த கோணல் துப்பாக்கி

தவளக்குப்பத்திலிருந்து உப்பளத்துக்கு வாழ வந்தபோது, பித்தளை அண்டா, குத்துவிளக்கோடு ஒரு ஏர் பிஸ்டலும் என் சீரில் வந்தது. குரங்கு விரட்டுவதற்காக என் தம்பி வாங்கியது. குரங்குகள் அவனை மதிக்கவில்லை என்றதும் என் தலையில் கட்டிவிட்டான். "பொண்ணு துப்பாக்கியோட வந்துருக்குது, பாத்து நடந்துக்கடா" என்று மாமியார் தன் மகனைக் கேலி செய்தார். என் வீட்டுக்காரர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நாட்டுச் சரக்காம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் மொட்டை மாடியில் மணல் மூட்டையைச் சாத்தி, அதன் முன்னால் காலி டின்களை அடுக்கிச் சுடுவேன். அந்தத் துப்பாக்கியின் குழலை மடக்கினால்தான் உள்ளே ஸ்பிரிங் ஏறும். அதற்கு ஆட்டுக்கல்லில் பழகிய கை வேண்டும். விசை கனம். சுட்டால் ஒரு உதறு உதறும். எல்லாவற்றுக்கும் மேல், குண்டு இரண்டு விரற்கடை இடப்பக்கம் போகும். அதை வந்த புதிதிலேயே பிடித்துவிட்டேன். டின்னின் வலது ஓரத்தைக் குறிவைப்பேன், நடுவில் படும். தெருவில் என்னைப்போல் சுடுகிறவர் ஆணிலும் இல்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்த என் நாத்தனார் கணவர் லீவில் வந்தார். பச்சைத் துணி விரித்த மரப்பெட்டியில் ஒரு சீமை ஏர் பிஸ்டல் கொண்டுவந்திருந்தார். பக்கத்திலிருக்கும் நெம்புகோலை ஒரு தடவை இழுத்தால் போதும், காற்று உள்ளே இறுகிவிடும். உதறலே கிடையாது. விசையை நினைத்தாலே வெடிக்கும். கைப்பிடியைப் பிடித்தேன். விட மனசு வரவில்லை. இது எனக்கு வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

"திரும்பத் தூக்கிட்டுப் போவப் போறதில்ல. உங்க ரெண்டு பேர்ல யாரு நல்லா சுடுறீங்களோ அவங்களுக்கு. இதுலயே ஆளுக்கு அஞ்சு குண்டு" என்றார் அவர். அவர் தின்று முடித்த மத்தி மீன் டின்களே குறி.

என் வீட்டுக்காரர் மூன்றைக் கவிழ்த்தார். நான் சிரித்துக்கொண்டே போய் நின்றேன். முதல் குண்டு மூட்டையில். இரண்டாவதும் மூட்டையில்.

"என்னா தங்கச்சி, சட்டிப்பானைய விட்டுட்டு இதுக்கு வந்துட்டியே!"

"சும்மா இருங்கண்ணே."

மூன்றாவதும் தவறிய பிறகுதான் உறைத்தது. இந்தத் துப்பாக்கி நேராகச் சுடுகிறது. நான் பழக்கதோஷத்தில் வலது ஓரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த இரண்டையும் நடுவில் பிடித்து அடித்தேன். மூன்றுக்கு இரண்டு. பெட்டி என் வீட்டுக்காரருக்குப் போனது. காரணத்தைச் சொல்லவில்லை. சொன்னால் தோற்றவள் சாக்குச் சொல்கிறாள் என்பார்கள். அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டினேன். அவ்வளவு எரிச்சல்.

இன்றைக்கும் யாராவது கேட்டால் பட்டென்று சொல்வேன்: மாடியில் டின் கவிழ்த்து விளையாட நாட்டுத் துப்பாக்கி போதும். காகிதத்தில் வட்டம் போட்டு நடுப்புள்ளியைத் துளைக்க வேண்டுமானால் சீமைதான். ஆனால் சீமைக்கு வியாதி வந்தால் வைத்தியம் இங்கே இல்லை. அடுத்த மழைக்காலத்துக்குள் அதன் காற்று வாஷர் போய்விட்டது. புதுச்சேரியிலும் இல்லை, மெட்ராஸிலும் இல்லை. என்னுடையதற்கு, செருப்பு தைப்பவரிடம் தோல் வாஷர் வெட்டி வாங்கி, எண்ணெயில் ஊறவைத்து நானே மாட்டிக்கொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் மாடிக்கு வந்து, "உன்னுத கொஞ்சம் குடேன்" என்றார். கொடுத்தேன். ஐந்து குண்டும் டின்னுக்கு இடப்பக்கமாக மூட்டையில் போய்ப் புதைந்தன.

"என்னாடி இது? குறி வச்ச எடத்துக்கு வர மாட்டேங்குது?"

"எனக்கு வருதே" என்று வாங்கி, ஒரு டின்னைக் கவிழ்த்துக் காட்டினேன். பிறகு வலது ஓரத்தின் கதையைச் சொன்னேன்.

அவர் மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அன்னிக்கு நீ..."

"ஆமா. அன்னிக்கும் அதே வலது ஓரந்தான்."

கீழே இறங்கிப் போனவர், மரப்பெட்டியோடு ஏறி வந்தார். "பட்டாளத்து மாமா அடுத்த லீவுக்கு வாஷர் கொண்டாருவாரு. இது உன்னுது."

வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா? வாங்கி என் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.