சங்கு டீச்சரை விட்டுவிட்டார்கள்

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் சங்கு டீச்சர். விளையாட்டு ஆசிரியை. ஆலையில் சங்கு ஊதினால் ஊரே நிமிர்ந்து மணி பார்க்கும் அல்லவா, அந்த மாதிரிக் குரல். மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று ஒரு அதட்டல் போட்டால், அந்தக் கோடியில் மதில் ஏறிக்கொண்டிருக்கிற பயல் தானாகக் கீழே இறங்கிவிடுவான். கழுத்தில் விசில் தொங்கும், ஊதுவது கிடையாது. "வாய் எதுக்கு இருக்கு?" என்பார்.

சாயங்காலம் அவர் வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் வந்து, கேட்டுக்கு வெளியே நின்று ஹாரன் அடிப்பார். டீச்சர் மைதானத்து நடுவிலிருந்தே, "இருங்க, வர்றேன். ஓடியா போயிடப் போறேன்?" என்று குரல் கொடுப்பார். பதிலுக்கு இன்னொரு ஹாரன் வரும். தினமும் நடக்கிற கூத்து இது. பந்து பொறுக்குகிற பிள்ளைகளும் கூடவே சேர்ந்து சொல்லும்.

போன வருஷம் தொண்டையில் ஒரு கட்டி. ஆபரேஷன் நடந்தது. கட்டி போனது, கூடவே குரலும் போனது. மிச்சம் நின்றது வெறும் காற்று. "இனிமே இவ்வளவுதாம்மா வரும்" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அதற்காக டீச்சர் மூலையில் போய் உட்கார்ந்துவிடவில்லை. விசிலை எடுத்து ஊத ஆரம்பித்தார். நீளமாக ஊதினால் வரிசைக்கு வா, குட்டையாக ஊதினால் நில். பிள்ளைகள் சீக்கிரமே பழகிவிட்டார்கள். வேலை ஒரு நாளாவது நின்றதா? இல்லையே. வீட்டுக்காரர் ஹாரன் அடிப்பது மட்டும் நின்றது. ரிப்பேர் என்றார். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு மைதானப் படி வரை நடந்தே வந்து கூட்டிப்போனார். ஊர் மோட்டாரையெல்லாம் ரிப்பேர் பார்த்துத் தருகிற மனுஷனுக்குச் சொந்த ஹாரனைப் பார்க்க நேரமில்லை என்று டீச்சர் அதற்கும் முணுமுணுத்தார்.

வருஷக் கடைசி வந்தது. அந்தப் பள்ளியில் கடைசி வாரம் என்றால் பன்னிரண்டாம் வகுப்பின் ராஜ்ஜியம். போகிறதுக்கு முன்னால் ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஒரு குறும்பு செய்துவிட்டுத்தான் போவார்கள். கணக்கு வாத்தியாரின் பைக்கைச் சக்கரத்திலிருந்து கண்ணாடி வரை பழைய பேப்பரில் சுற்றி வைத்தார்கள். தலைமையாசிரியையின் மேஜை, நாற்காலி, பூச்சாடி எல்லாவற்றையும் தூக்கிப்போய் மரத்தடியில் அப்படியே அடுக்கினார்கள். வேதியியல் சார் குடையை விரித்தார், தலைமேல் காகிதத் துண்டு மழை. கடைசி நாள் மேடையில் ஒவ்வொருவரையும் மிமிக்ரி வேறு செய்வார்கள். ஆசிரியர்கள் திட்டுவார்கள். திட்டிக்கொண்டே, நம்மை எப்போது செய்வார்கள் என்று காத்திருப்பார்கள். சங்கு டீச்சருடைய விசில் வருஷா வருஷம் காணாமல் போகும். ஒரு தடவை கொடிக்கம்பத்து உச்சியில் தொங்கியது. மேடையில் கடைசி ஐட்டமும் அவர்தான்.

இந்த வருஷம் விசில் காணாமல் போகவில்லை.

டீச்சரும் பொறுத்துப் பார்த்தார். விசிலைக் கழற்றி பெஞ்சில் வைத்துவிட்டு வேண்டுமென்றே தண்ணீர் குடிக்கப் போனார். திரும்பி வந்தால் விசில் அங்கேயே இருந்தது. யாரோ துடைத்துவேறு வைத்திருந்தார்கள். விளையாட்டுச் சாமான் அறையைப் பூட்டாமல் விட்டுவிட்டுப் போனார். வந்து பார்த்தால் பந்துக்கெல்லாம் காற்றடித்து அழகாக அடுக்கியிருந்தது. அவருடைய மர நாற்காலியில் ஒரு மெத்தைத் துண்டு. ஆஸ்பத்திரியில் நோயாளிக்குப் போடுவார்களே, அந்த மாதிரி. டீச்சருக்கு உச்சந்தலை சூடேறியது. மெத்தையைத் தூக்கி ஜன்னல் வழியாக எறிந்தார்.

ஆசிரியர் அறையில் பக்கத்து நாற்காலி சரித்திர டீச்சர்தான் விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"உங்களுக்கென்ன, நிம்மதி. உங்களை மட்டும் விட்டுட்டாங்க. மேடையிலயும் கிடையாதாம்."

"ஏனாம்?" டீச்சர் காற்றுக் குரலில் கேட்டார்.

"எச்.எம். சொல்லியிருக்காங்க. பாவம், அவங்க மனசு கஷ்டப்படும், தொந்தரவு பண்ணாதீங்கன்னு."

பாவமாம். இத்தனை வருஷம் மைதானத்தைக் கட்டி மேய்த்த பொம்பளைக்குக் கடைசியில் கிடைத்த பட்டம் அது. கேலி செய்தால்கூடச் சகித்துக்கொள்ளலாம், ஒதுக்கி வைத்துத் துடைத்து வைத்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? டீச்சர் நேரே தலைமையாசிரியை அறைக்குப் போனார். கோபம் மூட்டை மூட்டையாக இருக்கிறது, வெளியே வருகிற வழியோ ஊசிக்காது. அவர் பேசுவதைக் கேட்கத் தலைமையாசிரியை மேஜைமேல் சாய வேண்டியிருந்தது.

"எனக்குச் சங்கு ஊதிட்டீங்களா மேடம்?"

"ஐயையோ, என்ன பேச்சு இது. உங்க நல்லதுக்குத்தானே சொன்னேன்."

"என் நல்லதை என்கிட்ட கேட்டீங்களா? அந்தப் பைக்கைச் சுத்தறதுக்கு முன்னாடி கணக்கு சாரோட மனசைப் பத்தி யாராவது கவலைப்பட்டாங்களா? என் மனசுக்கு மட்டும் என்ன ஸ்பெஷல் மரியாதை?"

டீச்சர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மாடியில் ஒத்திகை நடந்த வகுப்புக்கு ஏறினார். அங்கே மிமிக்ரிக்காரி இருந்தாள். யார் குரலையும் ஒரு தடவை கேட்டால் போதும், அப்படியே திருப்பிக் கொடுப்பாள், அதனால் டேப் என்று பெயர். போன வருஷம்வரை டீச்சரிடம் அதிகமாகத் திட்டு வாங்கியவளும் அவளே. டீச்சரைக் கண்டதும் பேச்சை நிறுத்தினாள்.

"ஏண்டி, என்னைச் செய்ய மாட்டியா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "எப்படிச் செய்யறது டீச்சர்? இப்ப இருக்கற குரலைச் செஞ்சா நான் மனுஷியே இல்லை. பழைய குரலைச் செஞ்சா நீங்க அழுதுடுவீங்க."

"அழறதும் அழாததும் என் இஷ்டம். உன்கிட்ட இருக்கா அது?"

"எது டீச்சர்?"

"என் குரல்."

டேப் நிமிர்ந்து பார்த்தாள். "இருக்கு டீச்சர்."

"அப்ப ஒழுங்கா வந்து செய். அரைகுறையா செஞ்சே, மேடையிலேயே முட்டி போட வெப்பேன்." சொல்லிவிட்டு டீச்சர் படியிறங்கினார். கோபம் மட்டும் இறங்கவில்லை. கெஞ்சியா வாங்க வேண்டியிருக்கிறது இதை என்று வழியெல்லாம் பொருமிக்கொண்டே போனார்.

கடைசி நாள் விழா வழக்கம்போல் இழுத்துக்கொண்டே போனது. பள்ளி விடுகிற நேரம் தாண்டிவிட்டது. கணக்கு வாத்தியாரின் இருமல், வேதியியல் சாரின் நடை என்று ஒவ்வொன்றாக வந்தன. அரங்கம் சிரித்துச் சிரித்து ஓய்ந்திருந்தது. டேப் மேடைக்கு வந்தாள். கழுத்தில் ஒரு விசில், இடுப்பில் கை. மைக்கை ஓரமாகத் தள்ளி வைத்தாள். மூச்சை இழுத்தாள்.

"டேய், மதில் மேல யாருடா அது? இறங்கறியா, நான் ஏறி வரட்டுமா?"

முதலில் சிரிப்பு எழுந்தது. உடனே அடங்கியும் போனது. அச்சு அசல் அந்தக் குரல். கடைசியில் லேசாகப் பிசிறடிக்கும், அதுகூட இருந்தது. தன் குரலில் அப்படி ஒரு பிசிறு உண்டு என்பது டீச்சருக்கே அப்போதுதான் தெரிந்தது. முன்வரிசையில் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். சரித்திர டீச்சர் கையைப் பிடிக்க வந்தார், தட்டிவிட்டார். இத்தனை நாள் எங்கே போய்த் தொலைந்திருந்தாய் என்று அந்தக் குரலையே பிடித்துத் திட்ட வேண்டும்போல் இருந்தது.

டேப் கதவுப் பக்கம் திரும்பினாள். கையை வாயருகே குவித்துக்கொண்டாள்.

"இருங்க, வர்றேன். ஓடியா போயிடப் போறேன்?"

கேட்டுக்கு வெளியே ஹாரன் அடித்தது. பளிச்சென்று, ஊருக்கே கேட்கிற மாதிரி.

அரங்கத்தில் அத்தனை தலைகளும் டீச்சர் பக்கம் திரும்பின. அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. வாய் மட்டும் கோபமாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. சரித்திர டீச்சர் காதைக் கிட்டே கொண்டுபோனார்.

"என்ன சொல்றீங்க?"

"ஹாரன் ரிப்பேர்னு சொன்னாரு டீச்சர். ஒரு வருஷமா அதையே சொல்லிட்டிருக்காரு. இன்னைக்கு வீட்டுக்குப் போய் இருக்கு அவருக்கு."