சிவப்பியும் கறுப்பனும்

1933இல் துடியலூர்ப் பக்கம் சோளக்காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்த சென்னியம்மாளை ஒரு பூச்சி கொட்டியது. வலியில் கத்தினாளே தவிர, கையை உதறவில்லை. கொட்டியதைப் பிடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். வேலியோரம் வலையும் கையுமாக நின்றிருந்த பூச்சி ஆபீசர் பாலகோபால் அதைப் பார்த்துவிட்டு, மறுநாளே அவளைப் பூச்சி பிடிக்கும் வேலையில் சேர்த்துக்கொண்டார். அவளுக்கு முப்பத்தைந்து வயது. கணவர் இல்லை. யாருக்கும் பயப்படுகிற சுபாவமும் இல்லை.

பாலகோபாலுக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். புதுப்பூச்சிக்கு லத்தீனில் பெயர் வைப்பதென்றால் அவருக்குச் சோறு வேண்டாம். முந்தானையில் வந்தது எறும்பு போலிருந்தாலும் குளவி வகை. சிறகு கிடையாது. உடம்பெல்லாம் வெல்வெட் போலச் சிவப்பு மயிர். அதற்குச் சென்னையிலிருந்த மேலதிகாரியின் பெயரை வைத்தார். அடுத்த வருஷம் அதே காட்டில் சிறகுள்ள கறுப்புக் குளவி ஒன்று கிடைத்தது. அதற்குப் பீளமேட்டு மாமனார் அழகிரிசாமியின் பெயர். மாமனார் தன் பெயர் வந்த கட்டுரையின் அச்சுத்தாளைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினார்.

சிவப்பைப் பற்றிய முதல் கட்டுரையில் பாலகோபால் ‘ஆண் கிடைக்கவில்லை’ என்று எழுதியிருந்தார். கறுப்பைப் பற்றிய இரண்டாவதில் ‘பெண் கிடைக்கவில்லை’ என்று. இரண்டையும் எழுதியவர் ஒருவரேதான்.

ஒரு சீசாவில் ஓர் இனம்தான் போடவேண்டும் என்பது அவருடைய கண்டிப்பு. 1935 ஆடியில் சென்னியம்மாள் கொண்டுவந்த சீசாவில் இரண்டும் இருந்தன. கறுப்பு, சிவப்பைக் கவ்விப் பிடித்திருந்தது.

“என்ன அம்மணி இது? ரெண்டும் வேற வேற இனமாச்சே!”

“ஆருங்க சொன்னது?”

“நான்தான் சொன்னேன்.”

“அதுங்ககிட்டச் சொல்லிப்போட்டீங்களா?”

பாலகோபால் லென்ஸை எடுத்தார். அவள் விடவில்லை.

“சிவப்பிதானுங்க கொட்டுறா. கறுப்பன் ஒருக்காகூடக் கொட்டுனதில்லீங்க. எனக்கு அப்பவே சந்தேகமுங்க.”

ஆண் குளவிக்குக் கொடுக்கு கிடையாது என்பது பாலகோபால் பரீட்சையில் எழுதித் தேறிய விஷயம். அவர் முகம் சிவப்பியைவிடச் சிவந்தது. ஆனாலும் ஒரு ஜோடியை வைத்து முடிவு செய்யக்கூடாது என்றார்.

சென்னியம்மாள் வீட்டுக்குப் போய், இணை சேர்ந்த ஒரு சிவப்பியை மண்குளவிக் கூடுகளோடு சட்டியில் போட்டு, வாயைத் துணியால் கட்டிவைத்தாள். சிவப்பி அந்தக் கூடுகளுக்குள்தான் முட்டையிடும். ஒரு மாதம் தினமும் போய்க் காதை வைத்துக் கேட்டாள். கடைசியில் துணியடியில் சிறகில்லாத நான்கு சிவப்பும் சிறகுள்ள மூன்று கறுப்பும் ஊர்ந்தன. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்! சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே ஆபீசுக்கு வந்துவிட்டாள்.

ஆக, ஓர் இனம். ஓர் இனத்துக்கு ஒரு பெயர். முதலில் வைத்ததுதான் நிற்கும் என்பது விதி. மேலதிகாரி பிழைத்தார், மாமனார் விழுந்தார்.

பீளமேட்டில் விஷயத்தைச் சொன்னபோது அழகிரிசாமி வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார்.

“அப்ப எம்பேரை அழிச்சுப்போடுவீங்களா மாப்பிள்ளை?”

“அழிக்க முடியாதுங்க மாமா. மேலதிகாரி பேருக்குக் கீழ, சின்ன எழுத்துல, செல்லாத பேருன்னு எப்பவும் இருக்கும்.”

“அதுக்கு அழிச்சே போடலாமுங்க.”

ஆறு மாதம் மாமனார் பேசவில்லை. பாலகோபால் கட்டுரையை அனுப்பினார். தன் தவறு என்று தன் கையாலேயே எழுதினார். அதில் அவரை ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஊசியில் குத்திப் பெட்டியில் வைத்த அந்த ஏழு பூச்சிகளுக்கும் அடியில் ‘சேகரித்தவர்: சென்னியம்மாள்’ என்று ஒரு சீட்டு வைத்தார். படிக்கத் தெரியாத அவள், தன் பெயர் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

“நகத்தளவுதானுங்களா?” என்றாள். ஆனால் அந்த வாரத்தில் நான்கு முறை பெட்டியைத் திறக்கச் சொன்னாள்.

அடுத்த வருஷம் சோமனூர்ப் பக்கமிருந்து பளபளவென்று ஒரு நீலக்குளவி வந்தது. பாலகோபாலுக்குக் கை துறுதுறுத்தது. பேனாவை எடுத்தவர், மூடிவைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

“அம்மணி, இதுக்குச் சம்சாரம் இருக்குதா?”

“தேடிப்பாத்துப்போட்டு வாரனுங்க. அதுவரைக்கும் பேரு வெச்சுப்போடாதீங்க.”

1939 வரை அதற்குப் பெயர் வைக்கப்படவில்லை.