ஆயுத பூஜைத் துப்பாக்கி வழக்கு

எங்கள் வீட்டில் துப்பாக்கி வெடித்தது ஆயுத பூஜை அன்று காலையில். சுட்டது அம்மா. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வந்த குழப்பம் பாதிக்கு மேல், இந்த ஒரு வரியை யார் சொல்வது என்பதில்தான் வந்தது.

அறுபதுகளின் நடுவில் நாங்கள் ஸ்ரீரங்கத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். அப்பாவுக்கு மருங்காபுரிப் பக்கம் மானாவாரி நிலம். கடலை போட்டால் காட்டுப்பன்றி தோண்டிவிடும் என்பதால், பயிர்க்காவலுக்காக அவர் பெயரில் ஒரு நாட்டுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருந்தது. குழாயின் வாய் வழியாக மருந்தும் ரவையும் போட்டு இடிக்கிற பழைய மாதிரி. நிலம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தது. வீடு ஓடியது அம்மாவின் சம்பளத்தில். அம்மா கணக்கு டீச்சர். நான் டிப்ளமா முடித்துவிட்டு, திருச்சியில் ஒரு கட்டட காண்டிராக்டர் ஆபீசில் பிளான் வரைந்துகொண்டிருந்தேன்.

லைசென்ஸ்படி துப்பாக்கி நிலத்தில்தான் இருக்க வேண்டும். ஆனால் ஆயுத பூஜைக்கு மட்டும் அப்பா அதைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்துவிடுவார். மண்வெட்டிக்கும் ஏருக்கும் அங்கேயே பொட்டு வைத்தால் போதும், துப்பாக்கிக்கு மட்டும் வீட்டில் வைத்துச் செய்ய வேண்டும் என்பது அவர் கொள்கை. "அது கவர்மெண்ட் பேப்பரோட இருக்கிற பொருளாச்சே" என்பார். கண்டக்டர்கள் அதைக் கடப்பாரை என்று நினைத்து லக்கேஜ் டிக்கெட் கிழிப்பார்கள்.

அந்த வருஷம் துப்பாக்கியில் மருந்து இருந்தது. கொடுப்பதற்கு முன் நிலத்துக் காவல்காரர் பார்த்திருப்பார் என்று அப்பா நினைத்தார். வாங்கிப் போகிறவர் பார்க்காமலா இருப்பார் என்று காவல்காரர் நினைத்தார்.

கூடத்தில் அன்று வரிசையாக வைத்திருந்தவை: நான் பிளான் வரைகிற டி-ஸ்கொயர், காம்பஸ் பெட்டி, தையல் மிஷின், அரிவாள்மணை, சுத்தியல், இஸ்திரிப் பெட்டி, துப்பாக்கி, சுவரில் சாய்த்த அப்பாவின் சைக்கிள். அம்மாவுக்கு இதில் ஒரு முறை உண்டு. எந்தப் பாகம் அசைகிறதோ அந்தப் பாகத்துக்குத் தனியாகப் பொட்டு. வேலை செய்வது அதுதானே என்பாள். தையல் மிஷினில் சக்கரத்துக்கு ஒன்று, ஊசி ஏறி இறங்கும் தண்டுக்கு ஒன்று. சைக்கிளுக்கு மட்டும் கால் டப்பா குங்குமம் செலவாகும். துப்பாக்கியில் அசையும் பாகங்கள் இரண்டு. பின்பக்கத்தில் தட்டி வெடிக்கவைக்கிற சுத்தியை முழுக்க இழுத்து நிறுத்தி, அடியில் துடைத்து, சந்தனம் வைத்தாள். பிறகு விசைக்கு வந்தாள். சந்தனம் ஒட்டியது, குங்குமம் ஒட்டவில்லை. மோதிர விரலால் கொஞ்சம் அழுத்தினாள்.

கூடம் முழுக்கப் புகை. கொல்லைக் கதவு திறந்திருந்தது நல்லதாகப் போயிற்று. ரவை அத்தனையும் அந்த வழியாகவே வெளியே போய்விட்டது. நான் வரிசையாகப் பார்த்தேன். அம்மா முழுசாக இருந்தாள். அப்பா முழுசாக இருந்தார், ஆனால் சைக்கிளுக்குப் பின்னால் இருந்தார். அம்மா துப்பாக்கியை அதன் இடத்தில் வைத்து, உற்றுப் பார்த்தாள்.

"பொட்டு கலைஞ்சிருச்சு" என்று இன்னொன்று வைத்தாள்.

கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கோர்ட்டில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ரிட்டயர் ஆனவர். எங்களுக்கு மாமா. சுவருக்கு மேல் அவர் தலை தெரிந்தது. பிறகு ஒரு கழியில் தொங்கிக்கொண்டு அவருடைய மடி வேஷ்டி தெரிந்தது. சல்லடை மாதிரி இருந்தது.

"டீச்சர், இது உங்காத்துலேர்ந்து வந்ததா?"

"ஆமாங்க மாமா. தெரியாம வெடிச்சிருச்சு. யாருக்கும் அடிபடலியே?"

"யாருக்கும் ஒண்ணுமில்லே, பெருமாள் காப்பாத்தினார்."

அவர் பின்னாலிருந்து மாமியின் குரல் வந்தது: "ரவை பட்டா மடி போச்சா இல்லையா, அதைச் சொல்லுங்கோ முதல்ல!"

"அதுக்கு சாஸ்திரத்துல இடமில்லேடி. பீனல் கோடுலதான் இருக்கு" என்றார் மாமா. பிறகு எங்களிடம், "தப்பா நினைச்சுக்காதீங்கோ. வேஷ்டி போனா போறது. ஆனா சத்தம் வீதி முழுக்கக் கேட்டுடுத்து. முறைப்படி நான் ரிப்போர்ட் பண்ணியாகணும்" என்று சொல்லி, சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். போகும்போது அம்மா கொடுத்த சுண்டலையும் வாங்கிக்கொண்டுதான் போனார்.

சைக்கிளில் ஏட்டு வந்தார். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுக் கூடத்துக்கு வந்தார்.

"சுட்டது யாருங்க?"

"நான்" என்றார் அப்பா.

"நான்" என்றாள் அம்மா.

ஏட்டு என்னைப் பார்த்தார். "ஒரு வெடின்னுதானே சொன்னாங்க?"

அப்பா அம்மாவைக் கண்ணால் அதட்டினார். அம்மா அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஏட்டு துப்பாக்கியை எடுக்கக் குனிந்தார்.

"ஏட்டையா, இப்ப எடுக்கக் கூடாதுங்க. பூஜையில வெச்சாச்சு. நாளைக்குக் காலையில திரும்ப பூஜை பண்ணிட்டுத்தான் தொடணும்" என்றாள் அம்மா.

அவர் நிமிர்ந்து தொப்பியைக் கழற்றினார். "நீங்க சொல்றதும் சரிதாங்க டீச்சரம்மா. எஃப்.ஐ.ஆர். எழுதலாம்னா ரைட்டர் பேனாவும் அங்க பூஜையிலதான் இருக்கு. கைவிலங்குக்கும் பொட்டு வெச்சாச்சு." கொஞ்சம் யோசித்தார். "சாட்சிப் பொருள், இங்கேயே இருக்கட்டும். யாரும் தொட்டுடாதீங்க."

ஆக, அன்று முழுவதும் குற்றம் சாட்டப்பட்டவளே குற்றத்தின் ஆயுதத்துக்குக் கற்பூரம் காட்டினாள்.

மத்தியானம் மாமா சுவருக்கு மேலாகச் சட்டத்தை விளக்கினார். அப்பா சுட்டதாக இருந்தால் ஒரு ஆள் மேல்தான் கேஸ். அம்மா சுட்டதாக இருந்தால் இரண்டு ஆள் மேல். அஜாக்கிரதையாக மற்றவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கியதாக அம்மா மேல் ஒன்று. நிலத்தில் இருக்க வேண்டியதை வீட்டுக்குக் கொண்டுவந்து, லைசென்ஸ் இல்லாதவள் கையில் கொடுத்ததாக அப்பா மேல் ஒன்று.

"கேட்டியா? பொய் சொன்னா ஒண்ணு, உண்மை சொன்னா ரெண்டு. நீ கணக்கு டீச்சர்தானே?" என்றார் அப்பா.

"விடை பெருசா வருதுன்னு மாத்தி எழுதச் சொல்றீங்களா?"

"உன் வேலை போயிடும்டி!"

அதுதான் விஷயம். ஜெயிலைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பயப்படவில்லை. தண்டனை என்று ஒன்று பதிவானால் பள்ளிக்கூடத்தில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அம்மாவுக்கும் அது தெரியும். உள்ளே போய்ச் சுண்டலுக்குத் தேங்காய் துருவ ஆரம்பித்தாள்.

மறுநாள் விஜயதசமி. மறுபூஜை முடிந்ததும் ஏட்டு பேனா, பேப்பர், இரண்டு சாட்சிகள் சகிதம் வந்தார். நடந்த இடத்துக்கு வரைபடம் வேண்டுமாம். அவர் வரைந்ததில் எங்கள் கூடம் மாங்காய் மாதிரி இருந்தது. கொல்லைக் கதவு வாசல் பக்கம் போயிருந்தது. என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நானே அளந்து, அப்போதுதான் பூஜையிலிருந்து எடுத்த டி-ஸ்கொயரால் போட்டுக் கொடுத்தேன். கூடம், கதவு, சுவர், வேஷ்டி எல்லாம் வந்துவிட்டன.

"சுட்டவங்க உக்காந்திருந்த இடத்துல 'அ'ன்னு போடும்மா" என்றார் ஏட்டு.

ரவை போன கோடு கதவு வழியாக நேராக வேஷ்டிக்குப் போக வேண்டுமானால், அம்மா உட்கார்ந்திருந்த மணையைத் தவிர வேறு எந்த இடமும் பொருந்தாது. அங்கே போட்டேன்.

"பெத்த பொண்ணே காட்டிக் குடுக்குது பாரு" என்றார் அப்பா.

"உங்களை இல்லப்பா, அம்மாவைத்தான்" என்றேன். அது அவரைச் சமாதானப்படுத்தவில்லை. அம்மா மட்டும் படத்தை வாங்கிப் பார்த்து, "எழுத்து நல்லா வந்திருக்கு" என்றாள்.

கேஸ் முடியும்வரை வர வேண்டாம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். அம்மா வீட்டில் இருந்த அந்த வாரங்களில் நாங்கள் இரண்டு பேருமே வாய்ப்பாட்டில் தேறிவிட்டோம். அப்பாவுக்குக்கூட தினம் ஒரு கணக்கு போட்டாள்.

கோர்ட்டில் துப்பாக்கியை மேஜைமேல் வைத்திருந்தார்கள். சாட்சிப் பொருளில் எதையும் மாற்றக் கூடாது என்று ஏட்டு அதைத் துடைக்காமலே வைத்திருந்தார். விசையில் இருந்த குங்குமம் அப்படியே இருந்தது. அதைத் தூக்கிவந்த சேவகர் மேஜையில் வைத்துவிட்டு, பழக்கத்தில் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மாஜிஸ்டிரேட் அதைப் பார்த்தார். வயது குறைந்தவர்.

"நீங்கதான் சுட்டீங்களா?"

"ஆமாங்க."

"விசையில எதுக்குக் கை வெச்சீங்க?"

"பொட்டு வைக்க."

அவர் ஏட்டின் பக்கம் திரும்பினார். "ஸ்டேஷன் துப்பாக்கிக்கும் பொட்டு வெக்கிறீங்களா?"

"வெக்கிறோம் ஐயா. கட்டையில மட்டும்."

அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள், சரியான வழிமுறை கிடைத்துவிட்டதைப் போல.

அடுத்து மாமா கூண்டில் ஏறினார். வேஷ்டியை விரித்துக் காட்டினார். நஷ்டஈடு வேண்டாம் என்றார். பிறகு, சாட்சி சொல்ல வந்த மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு சட்டம் பேச ஆரம்பித்தார். இந்த மாதிரிச் சின்னக் குற்றத்தில், முன்னால் எந்தத் தப்பும் பண்ணாதவரைக் கோர்ட்டார் கண்டித்து மட்டும் அனுப்பிவிடலாம், புதுசாக ஒரு சட்டம் வந்திருக்கிறது, அப்படி அனுப்பினால் உத்தியோகத்துக்கு எந்த ஹானியும் வராது என்றார்.

"புகார் குடுத்ததே நீங்கதானே?" என்றார் மாஜிஸ்டிரேட்.

"ஆமாம் எஜமான். அதுவும் முறை, இதுவும் முறை."

மாஜிஸ்டிரேட் புத்தகத்தை வரவழைத்துப் படித்தார். அப்பாவுக்கு அபராதம், லைசென்ஸ் ரத்து, துப்பாக்கி பறிமுதல். அம்மா குற்றவாளிதான், ஆனால் கண்டித்து விடுவிக்கப்படுகிறாள். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை ஈரமாக இருந்தது.

இனி கண்டிக்க வேண்டும். அங்கேதான் சிக்கல் வந்தது. மாஜிஸ்டிரேட் அம்மாவைப் பார்த்தார். டீச்சர்கள் ஒரு பையன் என்ன சொல்லப் போகிறான் என்று காத்திருப்பார்களே, அந்த மாதிரி அம்மா கைகட்டி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா... இனிமே கொஞ்சம் பார்த்து வையுங்க" என்றார் அவர்.

மாமா மறுபடி எழுந்தார். "எஜமான் மன்னிக்கணும். கண்டிச்சதா ரெக்கார்டுல வரணும். இது புத்திமதி மாதிரின்னா இருக்கு? நாளைக்குப் பள்ளிக்கூடத்துல ஏத்துக்க மாட்டா."

மாஜிஸ்டிரேட்டின் காது சிவந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து, மேஜையைத் தட்டி, "இது ரொம்பத் தப்பு!" என்றார். உடனே குரலைத் தணித்து, "உக்காருங்கம்மா" என்றார்.

அது போதும் என்று மாமா தலையசைத்தார். குமாஸ்தா எழுதிக்கொண்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா, தான் சொன்னபடி செய்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று காவேரிப் பாலம் முழுவதும் பேசிக்கொண்டு வந்தார். அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், "பாவம், அந்தப் புள்ளைக்குக் கண்டிக்கவே தெரியலீங்க" என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை, தீர்ப்பின் நகலைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அம்மா பள்ளிக்கூடம் போனாள். யாரும் அதைக் கேட்கவில்லையாம். முதல் பீரியடிலேயே வீட்டுக்கணக்கு போடாத மூன்று பேரை எழுப்பி நிற்க வைத்துவிட்டதாகச் சாயங்காலம் வந்து சொன்னாள்.