காபட் கட்டமும் குவாண்டம் புள்ளியும்: கல்முனையில் இருந்து ஒலுவில் வரை

கல்முனையில் இருந்து ஒலுவிலுக்கு ஏறக்குறைய பதினைந்து கிலோமீட்டர். போன வெள்ளிக்கிழமை அந்தத் தூரம் என் உயிரை வாங்கிவிட்டது. பகல் இரண்டு மணிக்கு ஒலுவில் பல்கலைக்கழக வளாகத்தில் என் ஆய்வைப் பரிசீலிக்க இருந்தார்கள். மெல்லிய படலம் வளரும்போது குவாண்டம் புள்ளிகள் தாமாக ஏன் எழும்புகின்றன என்று காட்டாவிட்டால் ஆய்வையே நிறுத்திவிடுவார்கள். என் கணினி மாதிரியிலோ இரண்டு வருடமாகப் படலம் மட்டமாகவே வளர்ந்தது, சனியன்.

கண்டி பஸ் பிந்தி, 11.40க்குத்தான் கல்முனையில் இறக்கியது. ஓட்டோவுக்கு 1,800 ரூபாய் பேசினேன். ஆனால் ஓட்டுநர் ஹனீபா காக்கா பாதி வழியில் ஒரு பள்ளிவாசல் வாசலில் நிறுத்திவிட்டார். ஜும்மா தொழுகை முடியாமல் இந்தப் பக்கம் எதுவும் ஓடாதாம். வெள்ளிக்கிழமை என்பதையே மறந்து நேரம் பார்த்த என்னை நானே நொந்துகொண்டு இறங்கினேன்.

உள்ளே புதுக் காபட் விரிப்பு, தொழ ஆளுக்கொரு கட்டம். நெருக்கத்தில் என் தோள் இரண்டு பக்கமும் இடிபட்டது. 1.05க்கு ஓட்டோவில் ஏறியதும் அதைத்தான் புறுபுறுத்தேன்.

“அளவு பாக்காம வாங்கிட்டம் தம்பி,” என்றார் காக்கா. “கட்டம் சின்னன், எங்கட தோள் பெருசு. கட்டத்துக்குள்ளதான் நிப்பம் எண்டா, கடைசியில ரெண்டு பேர் வெளியால பிதுங்கத்தான் வேணும்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. படலத்திலும் இதேதான்! மேலே படியும் அணுக்களுக்குக் கீழ்ப்படிகத்தின் இடைவெளி சிறியது. முதல் ஒன்றிரண்டு அடுக்கு நெருக்கிக்கொண்டு உட்காரும். அதற்குமேல் தாங்காமல் குட்டிக் குட்டி மேடுகளாக எழும்பும். மேட்டில் கொஞ்சம் விரிய இடமுண்டு. அந்த மேடுகள்தான் குவாண்டம் புள்ளிகள். பாடமாகத் தெரிந்த விஷயம். ஆனால் மாதிரி குழம்பாமல் ஓடட்டும் என்று ஆரம்பத்தில் படலத்தின் இடைவெளியையும் கீழ்ப்படிகத்தின் இடைவெளியையும் கிட்டத்தட்டச் சமமாக வைத்ததே நான்தான். பிறகு மாற்ற மறந்துவிட்டேன்.

லெப்டொப்பை மடியில் வைத்து அந்த ஒரு இலக்கத்தை மாற்றி மாதிரியை ஓட்டினேன். வளாக வாசலில் 1.35. மூன்றாவது அடுக்குக்குப் பிறகு திரையில் மேடுகள். காக்கா எட்டிப் பார்த்து, “இதுக்கா இவ்வளவு அந்தரப்பட்டீங்க?” என்றார்.

போகிறவர்களுக்கு: வெள்ளியில் 11.30க்கு முன் புறப்படுங்கள், அல்லது ஒன்றரைக்குப் பிறகு. அவசரமில்லாதவர்களுக்கு பஸ் போதும்.

பரிசீலனையில் என் பிழையை நானே முதலில் சொன்னேன். கொஞ்சம் ஏசினார்கள், பிறகு ஆய்வைத் தொடர ஆறு மாதம் தந்தார்கள். வெளியே வந்து வீட்டுக்குக் கோல் எடுத்தேன். “உம்மா, என்ட ஆய்வ நிப்பாட்டல்ல,” என்றேன். சொல்லிவிட்டு அழுதுவிட்டேன்.