பெட்டிக்குப் பக்கத்தில் பென்சில் எழுத்து

ஆங்கில இலக்கியம் ரியூசன் எடுக்கிறவனுக்குக் குரல் பெரிதாக இருக்க வேண்டும். எனக்கு அது இல்லாததால், படிப்பிக்கிற புத்தகங்களே எனக்குப் பதிலாகக் கதைக்கத் தொடங்கிவிடும். ரியூசன் எடுத்துப் பிழைக்கிற ஆக்களே, உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதோ தெரியாது.

கர்ணனுக்கு முட்டை

கத்தோலிக்கச் சனம் நிறைந்த குருநகரில் என்னிடம் பதினொரு பிள்ளைகள் படிக்கிறார்கள். பாடம் ஒரு பழைய நாவல். நிலம் தூசியாகிப் போன ஒரு குடும்பம் ஓட்டை லொறியில் சாமான் ஏற்றி மேற்கே பிழைக்கப் போகிறது. பக்கத்துக்குப் பக்கம் பைபிள் ஒளிந்திருக்கும். நானோ உடுவில்காரன், அம்மப்பா சொன்ன பாரதக் கதையில் வளர்ந்தவன். கடைசியில் ஒரு குழந்தையைப் பெட்டியில் வைத்து ஆற்றில் விடுவார்கள் என்று சொல்லிவிட்டு, "கர்ணன் மாதிரி" என்றேன். வகுப்பு முழுக்க விழுந்து சிரித்தது. பின்வரிசை வாங்கிலிருந்து ஒருவன் சொன்னான்: "சேர், அது மோசே. கர்ணனை எழுதினா சோதினையிலை முட்டைதான்."

வால் இழுத்த 'க'

அவமானத்தில் யாழ்ப்பாண ரவுணில் ஒரு பழைய புத்தகக்கடையில் தேடி, அதே நாவலின் ஒரு பிரதியை எடுத்தேன். ஓரமெல்லாம் தமிழில் பென்சில் குறிப்பு. எந்த வரிக்குப் பின்னால் பைபிளின் எந்த அதிகாரம் இருக்கிறது என்று யாரோ பொறுமையாக எழுதியிருந்தார்கள். கிழமைக்கு ஒரு அத்தியாயமாகப் போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுத்தேன். "குறிப்பு நீங்கள் எழுதினதோ, சேர்?" என்று கேட்டார்கள். ஓம் என்றுவிட்டேன். எங்கள் தொழிலில் இந்தப் பொய்யைச் சொல்லாதவர் யார்?

போகப் போகக் குறிப்புகளின் தொனி மாறியது. அந்தக் குடும்பம் மேற்கேயுள்ள பழத்தோட்டங்களைக் கனவு காணும் இடத்தில் இப்படி இருந்தது: 'எண்ணிக்கை நூல் 13. நாடு பாக்கப் போனவை திராட்சைக் குலையோடை திரும்பி வந்தவை. இஞ்சையிருந்து போன ஆரும் திரும்பேலை.' அதையும் கொப்பி எடுத்துக் கொடுத்தேன்.

அன்று வகுப்பு முடிந்தும் றீற்றா எழும்பவில்லை. மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளை, அதிகம் வாய் திறக்காதவள். தாளில் ஒரு எழுத்தை விரலால் தடவிக்கொண்டே சொன்னாள்: "சேர், 'க'வுக்கு இப்பிடி வால் இழுக்கிறது எங்கடை அண்ணை மட்டுந்தான். அவன் அவுஸ்ரேலியாவுக்குப் போட்டிலை ஏறி நாலு வருசம்."

வெள்ளை ஓரம்

போவதற்கு முதல் கிழமை அவன் புத்தகங்களையெல்லாம் விற்றிருக்கிறான். பிறகு ஒரு சத்தமும் இல்லை. மரித்தோர் நாளில் கடலோடு போனவர்களுக்காக அவர்களுடைய சனம் கடற்கரையில் மெழுகுதிரி கொளுத்தும். கொளுத்தினால் மகன் செத்தான் என்று ஆகிவிடும் என்று, றீற்றாவின் தாய் மட்டும் ஒவ்வொரு வருடமும் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பா.

பெட்டி வருகிற பக்கத்தைக் கொப்பி எடுக்கப் போனபோதுதான் அதன் ஓரத்தைப் பார்த்தேன். அங்கேயிருந்த குறிப்பின் மேல் ஒரு வெள்ளைக் கடதாசித் துண்டை ஒட்டிவிட்டுக் கொப்பி எடுத்தேன். ஆனால் றீற்றா தாளை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கத்தின்ரை ஓரம் மட்டும் ஏன் வெறுமையாக் கிடக்கு?" என்றாள். மற்றவர்கள் போனபின் மூலப் புத்தகத்தை விரித்துக் கொடுத்தேன்.

'விடுதலைப் பயணம் 2:4. மோசேயின்ரை அக்கா தூரத்திலை நிண்டு பெட்டியைப் பாத்துக்கொண்டு நிண்டவ. றீற்றா, நீ கரைக்கு வராதை.'

அவனுடைய பயணம் பற்றி வீட்டில் எவருக்கும் தெரியாத நாளில் எழுதியது. அவள் புத்தகத்தை மெதுவாக மூடினாள். "நான் போனனான், சேர். அண்டைக்கு அவனுக்குப் பின்னாலை போய், போட்டிலை ஏறினதைப் பாத்தனான். அம்மாவுக்கு இண்டைவரைக்கும் சொல்லேலை."

சாத்தின கதவு

மரித்தோர் நாள் பின்னேரம் புத்தகத்தோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. றீற்றா திறந்தாள். பிள்ளையைப் பெட்டியில் வைத்து ஆற்றில் விடுகிற பக்கம் இது என்று விரித்துக் காட்டி, குறிப்பு என்னுடையதில்லை, உங்கள் மகனுடையது என்று தாயிடம் சொன்னேன். அவ பென்சில் எழுத்தின் மேல் உள்ளங்கையை வைத்தா. பிறகு, "தம்பி, உந்தக் கதையிலை பெட்டி கரை சேருதோ?" என்றா.

பைபிளில் சேர்ந்தது என்றேன். நாவலில் அந்தப் பெட்டிக்குள் இருப்பது செத்துப் பிறந்த பிள்ளை. அதைச் சொல்ல எனக்குக் குரல் வரவில்லை. அவ கேட்கவும் இல்லை. "வாசி பிள்ளை" என்று மகளிடம் நீட்டினா. றீற்றா வாசித்துக்கொண்டு போய், தன் பெயரில் நின்றுவிட்டாள்.

தாய் திடுக்கிடவில்லை. "அண்டைக்கு உன்ரை பாவாடை விளிம்பெல்லாம் கடல்மண். நான்தானே தோய்ச்சனான்" என்றபடி அலுமாரியைத் திறந்தா. உள்ளே நான்கு மெழுகுதிரிகள் கடதாசி பிரிக்காமல் கிடந்தன, வருடத்துக்கு ஒன்றாக. நான்கையும் எடுத்து மகளின் கையில் வைத்தா. "கடைசியாப் பாத்தது நீதானே. நீயே கொளுத்து."

இப்போது அந்தப் பக்கத்துக்கு வரும்போதெல்லாம் குறிப்பு என்னுடையதில்லை என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறேன், நான் சொல்கிற அந்த ஒரு வசனம் மட்டும் பின்வரிசை வாங்கு வரைக்கும் கேட்கிறதாம்.