விரலுக்குத் தெரியும் முக்கோணம்

புட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதைவிடப் புட்டி எப்படி இருக்கிறது என்பதில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. சிங்கப்பூரில், சாங்கி விமான நிலையத்தை ஒட்டிய ஏற்றுமதிக் கிடங்கு ஒன்றில் வேலை. ரசாயனத் திரவங்களின் புட்டிகள் விதிப்படி இருக்கின்றனவா என்று பார்ப்பேன். எச்சரிக்கைப் படம், பிள்ளைகள் திறக்க முடியாத, அமுக்கித் திருகும் மூடி. ஐரோப்பாவுக்குப் போவதென்றால், தொட்டால் தட்டுப்படும் மேடான ஒரு சின்ன முக்கோணம். லேபிள் கோணலாக இருந்தால்கூடத் திருப்பி அனுப்பிவிடுவேன். "மேடம் ரொம்ப ஸ்ட்ரிக்ட் லா" என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

ஆங் மோ கியோ அடுக்குமாடி வீட்டில் அம்மாவும் நானும்தான். அம்மாவின் இடது கண் பல வருஷங்களுக்கு முன்பே போய்விட்டது. மிச்சமிருந்த வலது கண்ணை வைத்துத்தான் சமைப்பாள், பேப்பர் படிப்பாள், தேக்கா சந்தைக்குத் தனியாகப் போய்ப் பூ வாங்கி வருவாள்.

மாதிரிக்கு வந்த பித்தளை துலக்கும் திரவத்தை ஒருநாள் அவளிடம் கொடுத்தேன். புட்டியைத் தடவிப் பார்த்தாள்.

"இது யாருக்குடி, முள்ளு மாதிரி?"

"கண்ணு தெரியாதவங்களுக்கும்மா. தொட்டுப் பாத்தே ஆபத்துன்னு தெரிஞ்சுக்குவாங்க."

"பாவம்" என்றாள்.

எங்கள் வீடுகளில் காலிப் புட்டியைத் தூக்கிப் போடும் வழக்கமே கிடையாது. ஊறுகாய்ப் புட்டியில் சீரகம் இருக்கும், ரோஸ் சிரப் புட்டியில் நல்லெண்ணெய் இருக்கும். விதி எழுதியவர்களுக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் அன்றைக்கு அது நினைவுக்கு வரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா சாம்பிராணி போட்டாள். புகையில் கண் எரிந்தது. கண் எரிந்தால் பன்னீர் விடுவது அவள் பழக்கம். சாமி மாடத்திலிருந்து பன்னீர் புட்டியை எடுத்து வலது கண்ணில் விட்டாள். அவள் அலறியதைக் கேட்டு ஓடினேன். புட்டியை முகர்ந்ததுமே புரிந்துவிட்டது, பித்தளை துலக்கும் திரவத்தின் நெடி. குழாயடியில் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை ஊற்றினேன், ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

ஆஸ்பத்திரியில், அந்தத் திரவத்தில் என்னென்ன இருக்கிறது என்று டாக்டர் கேட்டார். லேபிள் ஒட்டிய அந்தப் புட்டியை மட்டும் அம்மா, நான் கொடுத்த வாரமே குப்பைத் தொட்டியில் போட்டிருந்தாள். நான் மனப்பாடமாகச் சொன்னேன்.

"அந்த மூடியத் தெறக்க முடியலடி" என்றாள் அம்மா, கண்ணில் கட்டோடு. முடக்குவாதத்தில் அவள் விரல்கள் வளைந்திருந்தன. "எதிர்வீட்டு மலாய்க்காரம்மாதான் தெறந்து குடுத்தாங்க. ஒவ்வொரு தடவையும் அவங்களக் கூப்பிட முடியுமா? அதான் காலியா இருந்த பன்னீர் பாட்டில்ல ஊத்தி வச்சேன். அப்புறம் மறந்துட்டேன்."

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. மூடியின்மேல் வந்தது. அந்த மூடியைச் சரி என்று சொல்லிக் கையெழுத்துப் போட்ட என் கையின்மேலும் வந்தது. இவ்வளவு கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நடையில் நின்று அழுதேன்.

கட்டு அவிழ்த்த பிறகு வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரிந்தன. அதற்குமேல் வராது என்று சொல்லிவிட்டார்கள்.

கிடங்கிலிருந்து அந்த முக்கோண ஒட்டிகளைக் கேட்டு வாங்கி வந்து, குளியலறையிலும் சமையலறையிலும் ஆபத்தான புட்டிகள் எல்லாவற்றிலும் ஒட்டினேன். ஒரு புட்டியை அம்மாவின் கையில் கொடுத்தேன். கட்டைவிரலால் மெதுவாகத் தடவினாள். விரல் அந்த மேட்டில் நின்றது.

யாருக்கு என்று அவள் கேட்கவில்லை.